முன்பாரமும் பின்பாரமும்

ஐப்பசி மழை வெறித்த மறுநாள், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் தார்ச் சாலையை விட்டு இறங்கி, ஏதேனும் ஒரு கரிசல் காட்டுப் பாதையில் நின்று பாருங்கள். உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி யானை வண்டியோ பிக்கப் வண்டியோ சேற்றைக் கடந்து உள்ளே போகும். மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, போன தடத்திலேயே சிக்கிக்கொள்ளும். பின்சக்கரம் ஒன்று சேற்றை வாரி இறைத்தபடி நின்ற இடத்திலேயே சுற்றும். அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர்கள் வருவார்கள். அவர்களில் மூத்தவர், "தள்ளாதீங்கப்பா, ஆறு பேர் பின்னால ஏறி நில்லுங்க" என்பார். ஏறி நின்றதும் வண்டி நகரும்.

பாரம் குறைந்தால் வண்டி எளிதாக ஓடவேண்டும் அல்லவா? இங்கே பாரம் குறைந்ததால் நின்றது. பாரம் கூடியதால் ஓடியது. இது எப்படி?

இந்தக் கேள்விக்கான விடையில் மோட்டார் வண்டியின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. சேற்றில் வண்டியை நிறுத்தும் அதே காரணம்தான், மழை நனைத்த நான்கு வழிச் சாலையில் வெறும் பிக்கப் வண்டியின் வாலைச் சுழற்றிப் பள்ளத்தில் தள்ளுகிறது. ஆகவே இது சேற்றோடு முடிகிற விஷயம் அன்று. உயிரோடு தொடர்புடைய விஷயம்.

மாட்டு வண்டி தந்த பாடம்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவது ஒரு கலை. மூட்டைகள் இருசுக்கு முன்னால் அதிகமாகிவிட்டால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமாகிவிட்டால் பின்பாரம். ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும். இரண்டும் இல்லாமல் இருசின்மேல் பாரம் நிற்கும்படி ஏற்றத் தெரிந்தவரே நல்ல வண்டிக்காரர். ஈர்ப்பு மையம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

மாட்டு வண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. மாட்டு வண்டியின் சக்கரம் இழுக்கப்படுகிறது. அது வெறுமனே உருண்டு கொடுத்தால் போதும். நிலத்தைப் பற்றிக்கொண்டு உந்தும் வேலையை மாட்டின் குளம்புகள் செய்கின்றன. மோட்டார் வண்டியிலோ அந்த வேலையையும் சக்கரமே செய்தாக வேண்டும். சக்கரம் நிலத்தைப் பின்னால் தள்ளுகிறது. நிலம் சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. இந்த எதிர்விசை உராய்வினால் கிடைப்பது. உராய்வு இல்லையேல் எத்தனை குதிரைசக்தி இருந்தும் பயனில்லை.

உராய்வு எதைப் பொறுத்தது? பிரெஞ்சு அறிஞர் அமாந்தான் 1699இலும், அவருக்குப் பின் கூலும் 1780களிலும் இதை ஆராய்ந்தனர். தொடும் பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசை எவ்வளவோ, அதற்கு விகிதமாக உராய்வு இருக்கும் என்பது அவர்கள் கண்ட விதி. அந்த விகித எண்ணை உராய்வுக் குணகம் என்கிறோம். ரப்பர் டயர் இந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படாது என்றாலும், நம் கணக்குக்கு இது போதும். காய்ந்த தார்ச் சாலையில் நல்ல டயருக்கு இந்த எண் ஏறக்குறைய 0.7 அல்லது 0.8. நனைந்து வழுக்கும் சாலையில் 0.4 ஆகலாம். ஈரக் கரிசலில் 0.2 இருந்தால் அதிகம். கரிசல் மண்ணில் நீரை உறிஞ்சி உப்பும் களிமண் துகள்கள் மிகுதி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அதே மண், மழையில் டயரின் பள்ளங்களை எல்லாம் அடைத்துக்கொண்டு டயரையே மொழுமொழுவென்று ஆக்கிவிடுகிறது.

சேற்றுக் கணக்கு

இப்போது நம் பிக்கப் வண்டியைக் கணக்கில் பார்ப்போம். வெறும் வண்டி 1,600 கிலோ என்று கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்கள் 950 கிலோவையும், பின்சக்கரங்கள் 650 கிலோவையும் தாங்குகின்றன. எஞ்சினின் விசை போவது பின்சக்கரங்களுக்கு மட்டுமே.

உராய்வுக் குணகம் 0.2 என்றால், பின்சக்கரங்களுக்குக் கிடைக்கும் பெரும உந்துவிசை 650 × 9.8 × 0.2, அதாவது 1,274 நியூட்டன். மென்மையான சேற்றில் உருளுவதற்கு ஏற்படும் தடை வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 1,568 நியூட்டன். உந்துவிசையைவிடத் தடை பெரிது. வண்டி நகராது.

பின்தட்டில் 1,200 கிலோ உரம் ஏற்றுங்கள். அதில் 1,100 கிலோ பின்சக்கரங்களின் மேல் விழும். அப்போது உந்துவிசை 1,750 × 9.8 × 0.2 = 3,430 நியூட்டன். தடையும் கூடுகிறது, ஆனால் அது 2,744 நியூட்டன் மட்டுமே. வண்டி நகர்ந்துவிடும்!

ஆறு பேர் ஏறிய கதை என்ன? ஆளுக்கு 60 கிலோ என்றால் 360 கிலோ. அவர்கள் பின்சக்கரங்களுக்கு நேர் மேலே நின்றால் உந்துவிசை ஏறக்குறைய 1,980 நியூட்டன், தடை 1,921. மயிரிழையில் வெற்றி. பெரியவர் கணக்குப் போடவில்லை. ஆனாலும் கணக்கு அவர் பக்கமே நிற்கிறது. சேறு ஆழமானால் கனத்த வண்டி இன்னும் புதைந்து தடையும் மிகும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அப்போது டிராக்டரைத் தேட வேண்டியதுதான்.

பின்சக்கரம் ஏன்?

எஞ்சின் முன்னால் இருக்க, எடையும் முன்னால் இருக்க, விசையை ஏன் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? முன்சக்கரத்துக்கே கொடுத்திருக்கலாமே?

தானே ஓடிய முதல் பெருவண்டி முன்சக்கர வண்டிதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரெஞ்சுப் படைப் பொறியாளர் கூன்யோ 1769–70இல் பீரங்கி இழுப்பதற்காகச் செய்த நீராவி வண்டியில், முன்னால் இருந்த ஒற்றைச் சக்கரமே உந்து சக்கரம். அதன் மேலேயே கனத்த கொதிகலனும் தொங்கியது. அவ்வளவு பளுவையும் சேர்த்துத் திருப்பவேண்டியிருந்ததால் அதைச் செலுத்துவது பெரும்பாடு. அந்த வண்டி இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1886 ஜனவரி 29இல் காரல் பென்ஸ் காப்புரிமை கோரிய மூன்று சக்கர மோட்டார் வண்டி, பின்சக்கரங்களால் உந்தப்பட்டது. 1891இல் பிரான்சின் பனார் நிறுவனம் எஞ்சினை முன்னால் வைத்து, விசையைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பியது. 1898இல் லூயி ரெனோ சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டைப் பயன்படுத்தினார். நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் 'ஜாயிண்ட்' என்று கழற்றி மாட்டும் அந்தத் தண்டின் மூதாதை அதுதான். பல பத்தாண்டுகள் உலகின் பெரும்பாலான கார்கள் இந்த அமைப்பிலேயே ஓடின.

காரணம் எளியது. முன்சக்கரம் திரும்பவேண்டும். திரும்பிய நிலையிலும் அதற்குச் சீராகச் சுழற்சியைக் கொடுக்கக்கூடிய மூட்டு அன்று இல்லை. அத்தகைய மூட்டு 1920களில் உருவாகி, 1934இல் பிரான்சின் சித்ரோயன் கார், 1959இல் இங்கிலாந்தின் மினி கார் ஆகியவற்றின் வெற்றிக்குப் பிறகே முன்சக்கர உந்துமுறை பரவியது.

மூட்டுச் சிக்கல் தீர்ந்த பின்னும், ஆற்றல் மிகுந்த கார்கள் பின்சக்கரத்தை விடவில்லை. இதற்கு வேறொரு காரணம் உண்டு. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியின் எடையும் அப்படித்தான் பின்னால் சாய்கிறது. 1,200 கிலோ எடையும், சக்கர அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் நீளமும், 0.55 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட ஒரு கார், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு முடுக்கத்துடன் பாய்ந்தால், முன்சக்கரங்களின் மேல் இருந்த பாரத்தில் 132 கிலோ பின்சக்கரங்களுக்கு மாறிவிடும். எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ, அவ்வளவுக்குப் பின்சக்கரத்தின் பிடி வலுக்கிறது. முன்சக்கரக் காரோ பாய்ந்தாலே தன் பிடியைத் தானே இழக்கிறது. மேட்டில் ஏறும்போதும் இதே கதைதான்.

சுற்றுகிற சக்கரமும் நிற்கிற சக்கரமும்

சேற்றில் சிக்கிய வண்டியில் ஒரு பின்சக்கரம் மட்டுமே சுற்றும். மற்றது அசையாமல் நிற்கும். இது டிஃபரன்ஷியல் செய்யும் வேலை. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் உருளவேண்டும். அதற்கு இடம் கொடுக்க, இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பல்சக்கர அமைப்புக்கு 1827இல் பிரான்சின் பெக்கர் காப்புரிமை பெற்றார். மோட்டார் கார் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் முக்கிய உறுப்பு பிறந்துவிட்டது!

ஆனால் இந்த அமைப்பு இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் அதற்குத் தேவைப்படும் விசை சொற்பம். மற்றதற்கும் அதே சொற்பம்தான். சபையில் இருவர் உண்ணும்போது, ஒருவர் போதும் என்றதும் மற்றவருக்கும் பரிமாறுவதை நிறுத்திவிடுவது போன்றது இது.

பந்தய உலகில் இந்தக் குறை பெரிதாக வெளிப்பட்டது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில், 16 சிலிண்டர் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. 1936இல் அதன் ஆற்றல் 500 குதிரைசக்தியைத் தாண்டியது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றது. ஆகவே 1935இல், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலை இசட்.எஃப். நிறுவனம் போர்ஷேயின் வேண்டுகோளின்படி செய்து கொடுத்தது. இன்று ஆற்றல் மிகுந்த பின்சக்கரக் கார்கள் பலவற்றில் இருப்பது அதன் வழித்தோன்றலே.

வளைவில் நடப்பது

நேர்சாலையில் டயருக்கு ஒரே வேலை. வளைவில் இரண்டு வேலை. முன்னால் உந்தவும் வேண்டும், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அதனிடம் உள்ள பிடி ஒன்றுதான். இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டும் வழக்கம், ஜெர்மன் பொறியாளர் வூனிபால்ட் கம் பெயரால் 'கம் வட்டம்' எனப்படுகிறது.

பித்தாகரஸ் தேற்றம் உங்களுக்குத் தெரியும். 3, 4, 5 என்ற முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டயரின் மொத்தப் பிடி 5 பங்கு. வளைவில் திரும்புவதற்கு 4 பங்கு செலவாகிவிட்டால், உந்துவதற்கு மிச்சம் 3 பங்கு. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தி 3 பங்குக்கு மேல் கேட்டால் டயர் பிடியை விட்டுவிடும். பின்சக்கர வண்டியானால் வால் வெளியே சுழலும். முன்சக்கர வண்டியானால் மூக்கு நேராகவே போகும்.

ஆக்சிலரேட்டர் மட்டுமல்ல. வளைவுக்குள் நுழைந்தபின் திடீரென்று கியரைக் குறைத்தாலும், எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்கும். அதுவும் அந்த 3 பங்கிலிருந்துதான் வரவேண்டும். அதே கணத்தில் வண்டியின் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரத்தின் மொத்தப் பிடியே 5இலிருந்து சுருங்குகிறது. வளைவில் பதறிப்போய்ப் பிரேக்கை மிதிப்பதன் ஆபத்தும் இதுவே.

மூக்கு வெளியே போவதைக் குறைத்திரும்பல் என்றும், வால் வெளியே போவதை மிகைத்திரும்பல் என்றும் கூறலாம். 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி, இந்தக் கருத்துகளை வடித்துக் கொடுத்தவர்களில் முன்னோடி. ஓட்டுநரின் திறமை, தைரியம் என்றெல்லாம் பேசப்பட்டு வந்தது அதன்பின் இயற்பியலாயிற்று.

சென்னையில் செய்த கார்

வால் சுழலும் கதையில் நம் மாநிலத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற காரைச் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டே இங்கு அந்தப் பெயரில் வந்தது. அக்காலத்தில் சாலையில் ஓடிய அம்பாசிடரும் ஃபியட்டும் பின்னால் ஒரே திண்ணிய அச்சைக் கொண்டவை. பின்சக்கரங்கள் எப்போதும் சாலைக்குச் செங்குத்தாக நிற்கும். ஹெரால்டில் அப்படியல்ல. இரு பக்க அச்சுகளும் நடுவில் கீல் வைத்தாற்போல் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். குண்டு குழிச் சாலையில் இது சொகுசு.

ஆனால் வளைவில் வேகமாகச் செல்லும்போது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து வண்டியின் பின்பகுதி மேலே எழும். கீலில் ஆடும் அச்சு தணிந்து, சக்கரம் உள்வாங்கி மடங்கும். டயர் முழுப் பரப்பில் தரையைத் தொடாமல் விளிம்பில் நிற்கும். பிடி போய்விடும். 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸல் காரில் இந்த ஆடும் அச்சைக் கைவிட்டு, திண்ணிய அச்சுக்கே நிறுவனம் திரும்பியது.

இதே வகை ஆடும் அச்சு அமெரிக்காவில் பெரும் புயலைக் கிளப்பியது. 1960இல் வந்த செவ்ரலே கார்வேர் காரில் எஞ்சினும் பின்னால், ஆடும் அச்சும் பின்னால். 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியது. விபத்துக்கு ஓட்டுநர் மட்டுமே காரணம் என்ற எண்ணம் அன்று ஆட்டம் கண்டது. வடிவமைத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று மக்கள் கேட்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அம்பாசிடரிலிருந்து மாருதிக்கு

நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் முன்சக்கர உந்துமுறை பரவலாக அறிமுகமாயிற்று. நீண்ட சுழல்தண்டு இல்லை. அதற்காகக் காரின் நடுவில் மேடும் இல்லை. சிறிய காருக்குள் பெரிய இடம். எஞ்சினின் எடை உந்து சக்கரத்தின் மேலேயே. ஆனால் அதே 796 கன செ.மீ. எஞ்சினை வைத்து 1984இல் வந்த மாருதி வேன், பின்சக்கரத்தால் உந்தப்பட்டது. சாமான்களும் ஆட்களும் பின்னால் ஏறும் வண்டிக்குப் பின்சக்கரமே பொருத்தம் என்பதை இதிலிருந்து உணரலாம். முன்பாரக் காருக்கு முன்சக்கரம். பின்பார வண்டிக்குப் பின்சக்கரம். மாட்டு வண்டிக்காரரின் பாடம் இங்கும் பொருந்துகிறது. மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே நின்றது.

பந்தயத்தில் மட்டும் பின்சக்கரம் அரியணையை விட்டு இறங்கவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. பின்பு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் 1980களின் இறுதியில் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார். முன்சக்கரக் காரான மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்திப் பின்சக்கரங்களை உந்தச் செய்தார். எளிய விலையில் இளைஞர் பழகக்கூடிய 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூரின் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா மாருதியில் பழகிய கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அந்தக் கார்களும் பின்சக்கரக் கார்களே.

குதிரைசக்தி என்பது எது?

இயற்பியல் வகுப்பில் மாணவர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "ஆற்றல் மிகுந்த பின்சக்கரக் கார் பணக்காரர் சமாசாரம் அல்லவா, சார்? நமக்கு அதனால் என்ன?"

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கதை. 1930களின் தொடக்கத்தில் விக்டோரியா மாநில விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று. லூயிஸ் பாண்ட் என்ற இளம் பொறியாளர் முன்னால் காராகவும் பின்னால் திறந்த தட்டாகவும் ஒரு வண்டியை வடிவமைத்தார். 1934இல் அது விற்பனைக்கு வந்தது. 'யூட்' என்று அந்நாட்டார் அதைச் செல்லமாக அழைத்தனர். பிற்காலத்தில் அதில் எட்டு சிலிண்டர் எஞ்சின்களை வைத்தனர். தட்டு காலியாக இருக்கும்போது பின்னால் எடை இல்லை. முன்னால் பெரும் எஞ்சின். மழைச் சாலையில் வாலைச் சுழற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. ஃபோர்டு 2016இலும் ஹோல்டன் 2017இலும் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதை நிறுத்தின.

நம் பிக்கப்பின் கதி என்ன? அதன் டீசல் எஞ்சின் 75 குதிரைசக்திதான் என்று வைத்துக்கொள்வோம். முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் பின்அச்சுப் பல்சக்கரமும் சேர்ந்து அதை 16 மடங்கு பெருக்குகின்றன. 0.35 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில், உராய்வில் போனது போக, 8,000 நியூட்டனுக்கு மேல் கிடைக்கும். நனைந்த சாலையில் வெறும் வண்டியின் பின்சக்கரங்கள் தாங்கக்கூடியது 650 × 9.8 × 0.4, அதாவது 2,548 நியூட்டன். தாங்கக்கூடியதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எஞ்சினால் கொடுக்க முடியும்!

இதுதான் மாணவருக்கு விடை. ஆற்றல் மிகுந்த வண்டி என்பது குதிரைசக்தியை மட்டும் கொண்டு சொல்வதன்று. பிடியைவிட விசை மிகுந்த வண்டி எதுவோ அதுவே ஆற்றல் மிகுந்த வண்டி. பந்தல்குடிப் பக்கம் விடியற்காலைத் தூறலில் மல்லிகைப்பூ மூட்டைகளோடு விரையும் பிக்கப்பில் பூவுக்கு என்ன எடை? அது ஏறக்குறைய வெறும் வண்டிதான். சந்தை நேரம் தப்பிவிடக் கூடாது என்ற அவசரம் வேறு. கோடை முழுவதும் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் மழையில் குழம்பி வழுக்கும் படலமாகும்போது, அந்த எளிய வண்டியே பந்தயக் காரின் குணத்தைக் காட்டும். பந்தயக்காரருக்குத் தலைக்கவசமும் பயிற்சியும் உண்டு; பூ வண்டிக்காரருக்கு இரண்டும் இல்லை.

ஆள் ஏற்றினால்?

"வெறும் வண்டி ஆபத்து என்றால், ஆட்களை ஏற்றினால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். சேற்றில் ஆமை வேகத்தில் சரி. சாலையில் கூடவே கூடாது. இதையும் கணக்காலேயே காண்போம்.

ஒரு வண்டி வளைவில் வழுக்குமா, கவிழுமா என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று உராய்வுக் குணகம். மற்றது, இடது வலது சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண். இந்த இரண்டாவது எண் சிறிதானால் வண்டி வழுக்கும் முன்பே கவிழ்ந்துவிடும்.

அகலம் 1.4 மீட்டர், வெறும் வண்டியின் ஈர்ப்பு மைய உயரம் 0.7 மீட்டர் என்றால் எண் 1.0. சாலையின் உராய்வு 0.8 என்றாலும் வண்டி வழுக்குமேயன்றி எளிதில் கவிழாது. இப்போது களை எடுக்கச் செல்லும் 25 பேர் பின்தட்டில் நின்றுகொண்டு வருகிறார்கள். ஆளுக்கு 50 கிலோ. மொத்தம் 1,250 கிலோ. அவர்களின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.75 மீட்டர் உயரத்தில். வண்டியையும் ஆட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஈர்ப்பு மையம் 1.16 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. எண் 0.60! காய்ந்த நல்ல சாலையின் உராய்வைவிட இது குறைவு. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி சாய்ந்துவிடும். ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் அமுங்குவதையும், வளைவில் ஆட்கள் ஒரு பக்கமாகச் சாய்வதையும் சேர்த்தால் இன்னும் குறைந்த வேகமே போதும்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற விதியைப் பலரும் போலீசுக்குப் பயப்படவேண்டிய விதி என்றே நினைக்கிறார்கள். அது 1.16 என்ற எண்ணின் விதி. மேலே அடுக்கிய கரிமூட்டைக்கும் பருத்திப் பொதிக்கும் இது பொருந்தும். ஆனால் மூட்டைகள் கவிழ்ந்தால் திரும்ப எடுத்து அடுக்கலாம்.

மின்னணு ஓட்டுநர்

இன்றைய கார்களில் இந்தக் கணக்குகளை ஒரு சிறு கணிப்பொறி போடுகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் ஆண்டன் வான் சாண்டன் தலைமையிலான குழு உருவாக்கிய நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு, 1995இல் மெர்சிடிஸ் காரில் முதன்முதலாக வந்தது. ஓட்டுநர் ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினார், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்பியது என்ற இரண்டையும் அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வால் சுழலத் தொடங்கினால், வெளிப்பக்க முன்சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடித்து வண்டியை நேராக்குகிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் மின்னணுக் கருவியை 1994இல் தடை செய்தார்கள்; 2001இல் அனுமதித்தார்கள்; 2008இல் மறுபடி தடை செய்தார்கள். பந்தயத்தில் மனிதனின் கால்தான் வெல்லவேண்டும் என்பது அவர்கள் கருத்து. சாலையில் நமக்கு அந்த வீராப்பு வேண்டியதில்லை.

மின்சாரக் கார்கள் வந்தபின் பின்சக்கரம் மறுபடி செல்வாக்குப் பெற்றுவருகிறது. 2024 நவம்பரில் சென்னையில் மகிந்திரா நிறுவனம் அறிமுகப்படுத்திய இரு மின்சாரக் கார்களும் பின்சக்கர உந்துமுறை கொண்டவை. ஆற்றல் 210 கிலோவாட் வரை, அதாவது ஏறக்குறைய 280 குதிரைசக்தி. கனத்த மின்கலங்கள் தரைமட்டத்தில் பரவியிருப்பதால் முன்பாரமும் இல்லை, பின்பாரமும் இல்லை. ஈர்ப்பு மையமும் தாழ்வு. மாட்டு வண்டிக்காரர் கண்டால் மெச்சிக்கொள்வார்.

ஆனால் நம் கரிசல் பாதைகளில் ஓடும் பழைய பிக்கப் வண்டிகளில் அந்தக் கணிப்பொறி கிடையாது. அங்கே கணக்குப் போடவேண்டியவர் ஓட்டுநரே. அவர் நினைவில் வைக்கவேண்டியவை சில. வெறும் வண்டியானால் மழையில் வேகத்தைப் பாதியாக்குங்கள். பிரேக்கும் கியர் குறைப்பும் வளைவுக்கு முன்பே முடியட்டும். வளைவுக்குள் கால் மென்மையாக இருக்கட்டும். தேய்ந்த டயரைப் பின்னால் போடாதீர்கள். சிறு பாரமானால் அதைத் தட்டின் வால்பக்கம் தள்ளாமல், பின்அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக, அசையாமல் கட்டுங்கள். வால் வலப்புறம் சுழன்றால் ஸ்டீரிங்கையும் வலப்புறம் திருப்பி, காலை மெல்லத் தளர்த்துங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிக்கப் ஓட்டும் அண்ணனோ தம்பியோ இருப்பார். இந்த மாதம் மழை தொடங்கும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பாரம் இறக்கியபின் வண்டி ஏன் சேற்றில் மாட்டுகிறது?" விடையை அவரே சொல்லிவிடுவார், அது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அதே விடைதான் தார்ச் சாலை வளைவுக்கும் என்பதை மட்டும் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.